மணமாகாத குளவிக்கு மகன்கள் மட்டுமே!

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் அவரைப் பந்தலிலும் தட்டைப்பயறிலும் கறுப்பாக அசுவினி அப்பிக்கொள்வது வழக்கம். இந்தப் பருவத்தில் நமக்கு வரும் கேள்விகளில் பாதி அசுவினியைப் பற்றியதாகவே இருக்கும். இந்த முறை வந்ததில் ஒன்று மட்டும் சற்று வேறு மாதிரி இருந்தது. "அவரைக் கொழுந்தில் கறுப்பு அசுவினிக்கு நடுவில் வைக்கோல் நிறத்தில் உருண்டையாகச் சில ஒட்டியிருக்கின்றன. குச்சியால் தொட்டாலும் நகரவில்லை. இது புது வகைப் பூச்சியா? என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அம்மா, அதற்கு மருந்து வேண்டாம். அந்த உருண்டைகள்தான் உங்கள் மருந்து. அவை செத்த அசுவினிகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. பூச்சியியலில் இதற்கு 'மம்மி' என்று பெயர், எகிப்தில் பிணங்களைப் பதப்படுத்தி வைப்பார்களே, அதே சொல்தான்.

இந்த ஒட்டுண்ணிக் குளவி நீளம் சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். மனிதரைக் கொட்டாது. பெண் குளவி அசுவினியின் எதிரில் நின்று, வயிற்றைத் தன் கால்களுக்கு இடையில் முன்னோக்கி வளைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு முட்டையைச் செருகிவிடும். புழு உள்ளிருந்தே அசுவினியைத் தின்று முடித்து, வெறும் தோலை இலையோடு ஒட்டிவிட்டு, அதற்குள்ளேயே கூட்டுப்புழு ஆகும். பிறகு வட்டமாக ஒரு மூடியை வெட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். முட்டையிலிருந்து குளவி வரை, வெயிலைப் பொறுத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஒரு பெண் நூறு முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதில் பெரும்பகுதியை முதல் சில நாட்களிலேயே இட்டுவிடும்.

இதுவரை சொன்னது பல விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். "குளவி இருந்தும் ஏன் அசுவினி அடங்கவில்லை?" என்று அதற்குப் பிறகு எழும் கேள்விக்குத்தான் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. காரணங்கள் பல உண்டு. நாம் கவனிக்காமல் விடும் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது குளவிகளின் கல்யாண விஷயம்.

இந்தக் குளவியினத்தில், ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அந்த முட்டையும் பொரிக்கும். ஆனால் அதிலிருந்து வருவது அத்தனையும் ஆண். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும் என்பதுதான் இங்கே சட்டம். தகப்பன் இல்லாமல் மகன் பிறப்பான், மகள் பிறக்க மாட்டாள்.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆண் ஈக்களுக்குத் தகப்பன் கிடையாது என்பதை, இன்று போலந்தில் இருக்கும் சைலீசியாப் பகுதியைச் சேர்ந்த யோகான் ஜியர்சோன் என்ற பாதிரியார் 1845-ல் எழுதினார். சேர்க்கை நடக்காத ராணி, பெட்டி முழுக்க ஆண் ஈயாகவே வைத்துவிடும். பிறகு அந்தப் பெட்டி தேறாது. அசுவினிக் குளவியின் கதையும் அதேதான். (இந்தக் குடும்பத்தில் ஆணே இல்லாமல் பெண்ணையே பெறும் ரகங்களும் சில உண்டு. அவை விதிவிலக்கு.)

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் குளவி நூறு அசுவினியில் முட்டை வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆணோடு சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும் அந்த நூறு அசுவினியும் சாகும். அதனால் முதல் இரண்டு வாரத்தில் நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சேர்ந்த பெண்ணின் நூற்றில் அறுபது மகள்கள் என்றால், அடுத்த சுற்றில் ஆறாயிரம் அசுவினிகள் காலி. சேராத பெண்ணின் நூறும் மகன்கள். ஆண் குளவி முட்டை வைக்காது, ஓர் அசுவினியைக்கூடக் கொல்லாது. அடுத்த சுற்றில் அந்த வழியில் பூஜ்யம். அதற்குள் அசுவினி பெருகிவிடும். அசுவினிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நம் ஊர் வெப்பத்தில் ஆண் துணையில்லாமலே பெண் குட்டிகளை ஈன்றுகொண்டே போகும். போட்டியே சமமில்லை!

ஜோடி சேர்வது எப்படி?

ஆண் குளவிகள் பெரும்பாலும் பெண்ணைவிடச் சற்று முன்னதாக மம்மியிலிருந்து வெளிவரும். வெளிவந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெண் வெளியே வந்ததும் தன் உடலிலிருந்து ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது தெரியாது. ஆண் அதை உணர்ந்ததும் இறக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு வாசனை வரும் திசையில் நடக்கும், பறக்கும். அருகில் வந்ததும் தன் உணர்கொம்புகளால் பெண்ணின் உணர்கொம்புகளைத் தடவும். இந்தத் தடவல் சரியாக நடந்தால்தான் பெண் அசையாமல் நின்று சம்மதிக்கும். சேர்க்கை சிறிது நேரமே நீடிக்கும்.

பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் சேரும். அந்த ஒரு முறையில் கிடைத்த விந்தைப் பையில் சேமித்து வைத்து, வேண்டும்போது திறந்துவிட்டு மகள் முட்டை வைக்கும், மூடிக்கொண்டு மகன் முட்டை வைக்கும். பெரிய அசுவினியில் மகளையும் சின்ன அசுவினியில் மகனையும் வைக்கும் பழக்கம் பல இனங்களில் உண்டு. மகளுக்குச் சாப்பாடு அதிகம் வேண்டும் என்று தாய்க்குத் தெரிந்திருக்கிறது. ஆணோ பல பெண்களோடு சேரும். ஆனால் அடுத்தடுத்துச் சேரச் சேர விந்து குறையும், கடைசியாகச் சேர்ந்த பெண்களுக்கு மகள்கள் குறைந்துவிடுவார்கள்.

கனடாவின் கியூபெக்கில் உள்ள லாவல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருளைக்கிழங்கு அசுவினியைத் தாக்கும் ஏபிடியஸ் நிக்ரிப்ஸ் என்ற குளவியில் இதை விரிவாகப் பார்த்தார்கள். ஆணோடு சேராத பெண்ணைப் பொறியில் வைத்தபோது ஆண்கள் தேடி வந்து விழுந்தன. காற்றின் வேகம் கூடக் கூட, பெண்ணைத் தேடிப் பறக்கும் ஆண்களின் எண்ணிக்கை குறைந்தது. இவ்வளவு சிறிய உடலுக்கு நம் சாதாரணக் காற்றே புயல்தானே.

நாம் கெடுப்பது எங்கே?

மம்மிக்குள் இருக்கும்வரை குளவிக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. வெளியே வந்து ஜோடி தேடும் முதல் நாள்தான் அதற்கு ஆபத்தான நாள். நாம் அசுவினியைப் பார்த்துப் பயந்து மருந்து அடிப்பதும், பெரும்பாலும் மம்மிகள் திறக்கத் தொடங்கும் அந்த வாரத்தில்தான். நேரடியாகச் சாகும் குளவி ஒரு பக்கம் இருக்கட்டும். சாகாமல் தப்பியதும் பழையபடி இருப்பதில்லை. ஜெர்மனி ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கொல்லாத அளவு இமிடாகுளோபிரிட் பட்ட குளவிகளிடம் ஜோடி சேர்வது வெகுவாகக் குறைந்தது, பெண்கள் ஆணின் வாசனையை அடையாளம் காணவில்லை. அது ஈக்களின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நாசோனியா என்ற வேறு இனக் குளவி. ஆனாலும் வாசனையை நம்பி ஜோடி சேரும் எந்தக் குளவிக்கும் அது ஓர் எச்சரிக்கை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, ஊடுருவிப் பாயும் மருந்து சாறு உறிஞ்சும் பூச்சியின் இனிப்புக் கழிவிலும் வந்துவிடும். குளவிகள் அதை நக்கித்தான் உயிர் வாழ்கின்றன. ஸ்பெயினில் மாவுப்பூச்சியை வைத்து 2019-ல் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். பத்து அசுவினிக்கு ஒன்றிரண்டு மம்மி தெரிந்தால் நான் மருந்து சொல்வதில்லை, ஒரு வாரம் பொறுக்கச் சொல்வேன். மம்மியே இல்லாமல் கொழுந்து சுருளத் தொடங்கினால் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலை, தாக்கிய கொழுந்துகளில் மட்டும், மாலையில் அடிக்கலாம். மொசைக் போன்ற வைரஸ் நோய் ஏற்கெனவே பரவியிருந்தால் குளவியை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை, நோயுற்ற செடியைப் பிடுங்கத்தான் வேண்டும். பந்தல் கால்களில் கிரீஸ் தடவுங்கள். அசுவினிக்குக் காவல் நிற்கும் எறும்பு மேலே ஏறாவிட்டாலே குளவிக்குப் பாதி வேலை மிச்சம். பருத்தி, வெண்டை போடுபவர்கள் வரப்பில் தட்டைப்பயறு விதைத்தால், அதில் வரும் அசுவினியில் குளவி முதலில் பெருகிப் பிறகு உள்ளே வரும். வரப்புப் பயிருக்கு மட்டும் மருந்து காட்டாதீர்கள்.

"ஒரு பந்தலில் இருக்கும் குளவியை இன்னொரு வயலுக்குக் கொண்டுபோக முடியுமா?" என்று அடுத்த கேள்வி வரும். முடியும். மம்மி நிறைந்த, ஓட்டை விழாத கொழுந்துகளைக் கிள்ளி, வாய் அகன்ற பாட்டிலில் போட்டு, வெள்ளைத் துணியால் கட்டி, நிழலில் வையுங்கள். துணியின் மேல் தேன் கலந்த நீரில் நனைத்த பஞ்சை வைத்தால் போதும், உள்ளிருந்தபடியே நக்கிக்கொள்ளும். முதல் குளவி வந்ததும் திறந்துவிடத் தோன்றும். அவை பெரும்பாலும் ஆண்கள், பொறுங்கள். ஒரு கைலென்ஸ் இருந்தால் பாருங்கள். வயிற்று நுனி கூராக இருப்பது பெண், மழுங்கி இருந்து உணர்கொம்பு சற்று நீளமாக இருப்பது ஆண். இரண்டும் வந்து ஒரு நாள் ஒன்றாக இருந்த பிறகு, காற்று அடங்கிய மாலையில், அசுவினி இருக்கும் செடியின் அடியில் திறந்து வையுங்கள். வெளியே காற்றில் தேட வேண்டிய ஜோடியைப் பாட்டிலுக்குள்ளேயே முடித்து அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

பாட்டிலை ஐந்தாறு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். நம் குளவியையே தின்று வளரும் இரண்டாம் ஒட்டுண்ணிகளும் அதே மம்மிக்குள் இருக்கும். அவை தாமதமாகத்தான் வெளிவரும். நம் குளவி வெட்டிய ஓட்டை வட்டமாக, சீராக இருக்கும். அவை வெட்டியது பிசிறடித்தாற்போல இருக்கும். மிச்சமிருக்கும் கொழுந்துகளைக் கொதிநீரில் போட்டுவிடுங்கள்.