லேடீஸ் சீட்டும் இரவு ஷிஃப்ட்டும்

பெண்களுக்கு இடம் விட்டு எழுவது, வரிசையில் அவர்களை முன்னே விடுவது, கையிலிருக்கும் பாரத்தை வாங்கிக்கொள்வது, இருட்டிய பிறகு தனியே அனுப்பாமல் துணைக்குப் போவது எல்லாம் நல்ல வளர்ப்பின் அடையாளமாகவே கருதப்படுகின்றன. ஆணும் பெண்ணும் சமம் என்று ஒப்புக்கொண்ட பின் இவை எதற்கு என்ற கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. இந்தச் சலுகைகள் பெண்ணைப் பலவீனமானவளாகக் காட்டுகின்றன என்பது பெண்ணியர் சிலரின் வாதம். ‘சமத்துவம் கேட்கிறவர்களுக்கு லேடீஸ் சீட் எதற்கு?’ என்பது டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் ஆண்களின் பழைய கேலி. இரண்டு தரப்பும் எல்லா மரியாதைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. அவிழ்த்துப் பார்த்தால்தான் எது சமத்துவத்தோடு இடிக்கிறது, எது இடிக்கவில்லை என்று தெரியும்.

இந்த மரியாதைகளிலேயே பெரும் புகழ் பெற்றது கப்பல் மூழ்கும்போது பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்றும் வழக்கம். 1852-இல் தென்னாப்பிரிக்கக் கரைக்கு அருகே பிர்க்கன்ஹெட் என்ற பிரிட்டிஷ் படைக்கப்பல் பாறையில் மோதியபோது, சிப்பாய்கள் தளத்தில் அணிவகுத்து நின்று அவர்களைப் படகில் அனுப்பிவிட்டுத் தாங்கள் மடிந்தார்கள். 1912-இல் டைட்டானிக்கில் பெண்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள். ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் அந்தக் கப்பலிலும் முதல் வகுப்புப் பெண்களில் அநேகமாக எல்லோரும் கரை சேர, மூன்றாம் வகுப்பில் சுமார் பாதிப் பேரே தப்பினார்கள். மரியாதை டிக்கெட்டின் விலையையும் பார்த்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 18 கப்பல் விபத்துகளின் கணக்கை எடுத்து 2012-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் ஆண்களைவிடப் பெண்களே குறைவாகப் பிழைத்திருந்தார்கள். பயணிகளைவிட மாலுமிகளும் கப்பல் தலைவர்களும் அதிகமாகப் பிழைத்திருந்தார்கள். டைட்டானிக் விதிவிலக்கு. அதைத்தான் உலகம் விதியாக நினைத்துக்கொண்டிருந்தது. கொடுப்பவரின் மனத்தை நம்பியிருக்கும் சலுகை ஆபத்து நேரத்தில் இப்படித்தான் கைவிட்டுப் போகும்.

உளவியலிலும் இந்த மரியாதைகளைப் பற்றிய ஆய்வுகள் உண்டு. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1996-இல் பாலினப் பாகுபாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பெண்ணைப் பகைப்பது. மற்றொன்று அவளைப் போற்றியபடியே பாதுகாக்கப்பட வேண்டியவளாக மட்டும் பார்ப்பது. பிறகு 19 நாடுகளில் நடத்திய ஆய்வில், முதலாவது ஓங்கியிருந்த நாடுகளில் இரண்டாவதும் ஓங்கியிருந்தது தெரிந்தது. வீட்டோடு இருப்பவளைத் தெய்வம் என்பதும், எதிர்த்துப் பேசுகிறவளை அடங்காதவள் என்பதும் ஒரே வாயிலிருந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 2007-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வேலைத் தேர்வு போன்ற ஒரு சூழலில், பரிவோடு மட்டம் தட்டும் பேச்சைக் கேட்ட பெண்கள், நேரடியாக இழிவாகப் பேசக் கேட்ட பெண்களைவிட மோசமாகத் தேர்வெழுதினார்கள். வசவு வெளிப்படையாக இருந்தால் புறந்தள்ளிவிடலாம். பரிவு தன்மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. இப்படிப் பரிவு காட்டும் ஆண்களிடம் மட்டம் தட்டும் தொனி இருப்பதை உணர்ந்தும் பெண்கள் அவர்களை விரும்பவே செய்கிறார்கள் என்றும், தனக்காக மெனக்கெடும் ஆள் என்ற அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கதவைத் திறந்து விடுகிறவரை எல்லாம் ஆதிக்கவாதி என்பது அபத்தம்.

சிக்கல் முற்றுவது மரியாதை சட்டமாகும்போதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பெரிய நகரங்களின் மதுக்கூடங்களில் பெண்கள் மது ஊற்றித் தரும் வேலைக்கு உரிமம் பெற முடியாத காலம் இருந்தது. ஆண் உரிமையாளரின் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் விலக்கு. கடைக்குச் சொந்தக்காரர் பெண்ணாக இருந்தால் அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த விலக்கு இருக்கவில்லை. அதே கூடத்தில் மேசைக்கு மேசை மதுக் கோப்பை சுமக்கும் வேலைக்குப் பெண்கள் வர முடிந்தது. 1948-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு என்று பெயர். லாபம் ஆண் ஊழியர்களுக்கு.

இந்தியாவில் இதன் நெருங்கிய உறவு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு. காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. ஆனால் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கு மாநில அரசு விலக்கு தரலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. காரணம், மூலப்பொருள் கெட்டுவிடக் கூடாது. பெண்ணின் கூலிக்காகத் தளராத கட்டு, மீனுக்காகத் தளர்ந்தது. மருத்துவமனைகளில் செவிலியர் இரவெல்லாம் கண்விழிப்பதை யாரும் தடுக்கவுமில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு இந்த இரவுத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்குக் கொண்டுவிட வாகனம், ஓய்வறை, தனியாக விடாமல் குழுவாக வேலை என்று நிபந்தனைகளையும் விதித்தது. மதுக்கூட வேலை பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2007-இல் அதே வழியில் போனது. பாதுகாப்பு இல்லையென்றால் அதை உண்டாக்க வேண்டியது அரசின் வேலை. பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அதற்குப் பதிலாகாது என்பதே அதன் சாரம்.

சலுகை போலத் தோன்றி ஏமாற்றியதில் முதலிடம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவுக்குத் தர வேண்டும். பிறர் மனைவியோடு உறவு கொண்ட ஆணுக்குத்தான் தண்டனை. பெண்ணை உடந்தை என்றுகூடத் தண்டிக்க முடியாது. பெண்களுக்குத் தனிச் சலுகை வழங்க அரசுக்கு அனுமதி தரும் அரசியல் சட்டப் பிரிவு 15(3)-ஐக் காட்டி 1954-இல் உச்ச நீதிமன்றம் இதைக் காப்பாற்றியது. பெண் மீதான கருணை போலத்தான் இருக்கிறது. ஆனால் கணவன் சம்மதித்தால் அது குற்றமே இல்லை. கணவன் வேறொருத்தியோடு போனால் மனைவி வழக்குத் தொடர வழியில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கொண்ட சட்டம் அது. உடைமையைத் திருடியவனைத்தான் தண்டிப்பார்கள், உடைமையை அல்ல. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது.

அதே 15(3)-ஆம் பிரிவு நியாயமாகப் பயன்படும் இடங்களும் நிறைய உண்டு. பஸ் அதற்கு நல்ல சாட்சி. பெண்களுக்கு இருக்கை ஒதுக்குவது அவர்கள் கால் வலிக்கும் என்ற இரக்கத்தினால் அல்ல. நெரிசலில் உரசல், சீண்டல் இல்லாமல் வேலைக்கும் படிப்புக்கும் போய்வரத்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதை மரியாதைக் கணக்கில் சேர்க்க முடியாது. வீட்டில் யாரிடமும் பஸ் காசு கேட்காமல் வெளியே கிளம்ப வைக்கும் ஏற்பாடு இது. ஆனாலும் அதே பஸ்ஸில், பொது இருக்கையில் உட்கார்ந்த பெண்ணிடம் ‘லேடீஸ் சீட்ல போய் உட்காருங்கம்மா, ஆம்பளைங்க நிக்கிறாங்க இல்ல?’ என்ற குரல் எழும். இருக்கைகளில் ஒரு பகுதி பெண்களுக்கு என்றால் மீதி ஆண்களுக்கு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை; அது பொது. சலுகையை எல்லைக்கோடாகத் திரித்துக்கொள்வது அந்தக் குரல்தான்.

ஆகவே, மரியாதையை அளக்கக் கேட்க வேண்டியது இதுதான்: அவள் வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? இடம் கொடுத்தவர், மறுத்தால் சரி என்று உட்கார்ந்துகொண்டால் அது பண்பு. சமத்துவத்தோடு அதற்குச் சண்டையில்லை. மூட்டை தூக்க முடியாத ஆணுக்கும், நிற்க முடியாத முதியவருக்கும் அதே பண்பு போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. மறுத்தால் கோபம், பழி, வேலையிழப்பு என்று தொடர்ந்தால் அது கட்டளை. சம்பளமும் பதவியும் உள்ள இடங்களில் இந்தக் கேள்வியைக் கறாராகவே கேட்க வேண்டும். ‘பாவம், குழந்தை இருக்கிறது’ என்று அவளைக் கேட்காமலே பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும் அதிகாரி தன்னை நல்லவர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இரவு வேலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் பெண்ணின் சம்மதத்தோடும் அவளை இரவு வேலையில் அமர்த்தலாம் என்கிறது. சம்மதம் என்பது தாளில் வாங்கும் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது. ‘இரவு ஷிஃப்ட் வேண்டாம்’ என்று சொன்ன பெண்ணுக்கு மறுநாள் பகல் ஷிஃப்ட்டில் வேலை இருக்கிறதா என்பதைத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.