மதிலுக்கு அப்பாலுள்ள மொரீஷியஸ்

இந்து மகாசமுத்திரத்தின் தென்மேற்குப் பாகத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலையினால் உண்டான தீவு மொரீஷியஸ். அதன் பரப்பு ஏறக்குறைய 1,865 சதுர கிலோமீட்டர். ஓய்வுநாட்களைக் கழிக்க அங்குச் செல்வோரிற் பலர், விமானத்தைவிட்டு இறங்கியதும் நேரே கடலோரத்து உல்லாச விடுதிக்குட் புகுந்து, ஏழு நாள் உண்டும் உறங்கியும் நீந்தியும் எட்டாம் நாள் மீள்கின்றனர். அவர்கள் கண்டது ஒரு மதிலும் ஒரு நீச்சற்குளமும் சிறிது மணலுமேயாம். மணலும் கடலும் உலகிற் பலவிடங்களில் உள்ளனவன்றோ? மொரீஷியஸிலன்றி வேறெங்குங் காண இயலாதவை அம்மதிலுக்கு வெளியே உள்ளன. அவற்றுட் சிலவற்றை நம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தலைநகராகிய போர்ட் லூயிக்குப் பஸ் வண்டியிற் செல்லுதலே முதற்காரியம். வழியெல்லாம் கரும்புக் காடு. நகரத்துச் சந்தையில் டால் பூரி என்பதை வாங்கியுண்ணல் வேண்டும். வேகவைத்துப் பொடித்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி அது, இரண்டிரண்டாகவே கொடுப்பர். காத்தோ பிமான் என்று பிரெஞ்சுப் பெயர் சூட்டி விற்கும் பண்டமோ, வாயிலிட்டதும் நம் பருப்பு வடையே என்பது விளங்கும். கையிற் கொடுக்கும் ரூபாய் நோட்டையும் உற்றுப் பார்க்க. ஆங்கிலத்தையடுத்துத் தமிழெழுத்துக்கள் நிற்கும். 1998-ம் ஆண்டில் இந்தியை முன்னும் தமிழைப் பின்னும் வைத்து அச்சிட்ட நோட்டுக்களை, அங்குள்ள தமிழர் முறையிட்டதன்மேல் மீட்டுக்கொண்டு, வரிசையை மாற்றி அச்சிட்டனர். அத்தமிழரிற் பெரும்பாலோர் வீட்டிற் பேசுவது கிரியோல் மொழி என்பதையும் உடன் நினைக்கும்போது, நமக்கு மகிழ்ச்சியோடு ஒருவகைத் துயரமும் உண்டாகின்றது.

சந்தையினின்று சிறிது தூரம் நடந்தால் துறைமுகத்தருகே அப்பிரவாசி காட் என்னும் இடத்தை அடையலாம். 1835-ம் ஆண்டில் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டிலேயே கரும்புத் தோட்டங்களுக்கென இந்தியாவினின்று ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினர். அவர்களை இறக்கிப் பதிவு செய்தற்காக 1849-ம் ஆண்டில் எழுந்தது இவ்விடம். கல்கத்தாவினின்றும் சென்னையினின்றும் பம்பாயினின்றும் கப்பலேறி வந்தவர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். கட்டடங்களிற் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பவை சில சுவர்களும் அறைகளும் ஒரு கற்படிக்கட்டுமே. 2006-ல் யுனெஸ்கோ சபையார் இதனை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றனர். அப்படிகளின்மேல் நின்றபொழுது நாம் பேச்சற்றிருந்தோம். கப்பலினின்று இறங்கி முதலில் அதன்மேற் கால்வைத்தவர் யாவர்? நம்மூரார் ஒருவரும் இல்லையென்று யார் சொல்லவல்லார்? மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்திற் குடியேறினோர் பதிவேடுகள் காக்கப்படுகின்றன. பெயர், ஊர், உடற்குறி முதலியவற்றோடு பலருடைய நிழற்படங்களும் அவற்றில் உள. தம் பாட்டனாரின் பாட்டனாரை அங்குத் தேடிக் கண்டவர் பலர்.

தீவின் தென்மேற்கு முனையில் லெ மோர்ன் என்னும் மலை 556 மீட்டர் உயரத்திற் செங்குத்தாக எழுந்துள்ளது. அடிமை வாழ்வினின்று தப்பியோடியவர்கள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தியைச் சொல்ல மலையேறிய காவலரைக் கண்டு, தம்மைப் பிடிக்க வருகின்றனர் என்றஞ்சி அவர்கள் பாறையினின்று குதித்து மாண்டனர் என்பது கர்ணபரம்பரை. அம்மலையின் அடிவாரத்திலேயே விலையுயர்ந்த விடுதிகள் உள்ளன. மலையைப் புகைப்படத்திற்கேற்ற பின்னணியாக மட்டுங் கொண்டு திரும்புவோரை என்னென்பது! ஏற விரும்புவோர் விடியற்காலையிற் புறப்படுதல் நலம். மேற்பகுதி மிகச் செங்குத்தாதலின் வழிகாட்டி ஒருவரை உடன்கொள்ளுதல் வேண்டும்.

வடக்கே பாம்பிளமூஸ் தோட்டம் உளது. 1770-ல் பியேர் புவாவ்ர் என்பவர், ஒல்லாந்தர் தமக்கேயென்று காத்துவந்த ஜாதிக்காய், கிராம்பு இவற்றின் கன்றுகளை மொலுக்கஸ் தீவுகளினின்று மறைவாகக் கொணர்வித்து இங்கு வளர்த்தார். தாம்பாளம்போன்ற இலைகளையுடைய பெருந்தாமரையைக் காணவே பலர் வருகின்றனர். நாமோ தாளிப்பனையின் முன் நெடுநேரம் நின்றோம். நம் முன்னோர் ஏடெழுதிய ஓலை இதனுடையதுமாகும். பற்பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, அதனோடு பட்டுப்போவது இம்மரத்தின் இயல்பு.

தென்கிழக்கில், மாஹேபூர்க் கரைக்கு எதிரே, எக்ரெத் என்னும் சிறு பவளத்தீவுக்குப் படகிற் செல்லலாம். அதன் பரப்பு 26 ஹெக்டேர் அளவே. டோடோ என்னும் பறவை 17-ம் நூற்றாண்டிலேயே அழிந்தது. அதன் கதி இளஞ்சிவப்புப் புறாவுக்கும் நேர இருந்தது. 1990-ஐ ஒட்டிய காலத்திற் காட்டிலிருந்தவை பத்தளவே. அவற்றை வளர்த்துப் பெருக்கி இத்தீவிலும் விட்டனர். கருங்காலிக் காட்டினூடே வழிகாட்டியுடன் நடந்தால் அப்புறாவையும் பெரிய ஆமைகளையும் காணலாம். 2020-ம் ஆண்டு ஜூலையில் வகாஷியோ என்னும் கப்பல் அருகிலுள்ள பவளப்பாறையிற் சிக்கி, ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலிற் கலந்தது. அப்போது ஊர்மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதவைகளாகக் கட்டி எண்ணெயைத் தடுத்தனர். இக்கடலில் இறங்குவோர் பவளத்தை மிதியாதிருத்தல் அவர்க்குச் செய்யும் மரியாதையாம். கல்மீனின் முள் நஞ்சுடையதாதலின் காலணியுடன் இறங்குதல் தமக்கே நன்மை.

கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கின் காட்டில் மக்கள் குடும்பமாகச் சென்று சிறு செங்கொய்யா பறித்துண்பர். பிரேஸிலினின்று வந்து உள்நாட்டு மரங்களை நெருக்கும் செடி அது. எவ்வளவு தின்றாலும் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஒன்றுக்கும் ஒதுக்காமற் பொதுக் கடற்கரைக்குச் செல்க. சவுக்கு மரநிழலிற் பாய்விரித்து, அண்டாவிற் பிரியாணியுடன் மூன்று தலைமுறையினர் கூடியிருப்பர். மாலையில் யாரேனும் சருகுகளைக் கொளுத்தி, ரவான் என்னும் ஆட்டுத்தோற் பறையை அனலிற் காய்ச்சுவர். அடிமைகள் வழிவந்த செகா ஆட்டம் தொடங்கும் அடையாளம் அது. விடுதிகளிலும் இரவுணவின்போது செகா உண்டு; அங்கே விருந்தினர் பார்ப்பர், ஊரார் ஆடுவர். இங்கே நின்று பார்க்கும் நம்மையும் யாரோ ஒரு மூதாட்டி கையைப் பற்றி இழுத்துவிடுவார். பாதத்தைத் தரையினின்று எடாமல் தேய்த்தபடியே ஆடுதல் வேண்டும்; அவ்வளவே முறை.