ஊழியம் என்றால் குறைந்த ஊதியமா?

திராட்சைத் தோட்ட உவமையில் (மத் 20:1-16) கடைசி ஒரு மணி நேரமே உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம் கிடைத்தது. அது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு குடும்பம் அன்று பசியாறத் தேவையான தொகை.

நம் கோவில்பிள்ளை, உபதேசியார், துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோருக்கு நாம் தரும் சம்பளத்தை எதனோடு ஒப்பிடுகிறோம்? தி. நகர் துணிக்கடை ஊழியரும், அடையாறு அடுக்குமாடிக் காவலாளியும், மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்யும் சகோதரியும் பெறுவதை விசாரிப்பது நல்ல தொடக்கம். ரொக்கத்தை மட்டும் பாராமல் வேலைநேரம், வார விடுமுறை, குடியிருப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் ஓய்ந்திருக்கும் ஞாயிறும் திருவிழாக்களும்தான் இவர்களுக்கு அதிக வேலையுள்ள நாள்கள்.

ஆனால் அக்கம்பக்கச் சம்பளம் மட்டுமே அளவுகோல் அன்று. தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதாலேயே குறைந்த கூலி நியாயமாகிவிடாது என்று 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் கற்பித்தார். 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1286ஆம் எண், திருஅவைச் சொத்துகளை நிர்வகிப்போர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. பணியாளர் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் பராமரிக்கப் போதுமான ஊதியம் தரவும் பணிக்கிறது. 'இறை ஊழியம்' என்று சொன்னால் மயிலையில் வீட்டு வாடகை குறைவதில்லையே!

ஆகவே பங்கின் வரவு செலவுத் திட்டத்தில், கோபுரத்துக்கு வண்ணம் பூசும் செலவுக்கு முன்னால் பணியாளரின் சம்பளத்தை எழுதுவோம். காணிக்கை தரும் நாம் ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பாளர்கள். உழைப்பவரின் குரலைக் கேட்கும் இறைவன் நமக்கு நேர்மையான உள்ளம் தருவாராக!