தலை மரம், உடல் வைக்கோல்!

உருண்டை முகம். முறுக்கிய மீசை. வாயோரம் இரண்டு கோரைப் பற்கள். நெற்றியில் நாமம். கிரீடத்துக்கு மேல் படம் எடுத்த நாகம்.

கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. தலை மட்டும்தான். அதுவும் மரத்தில் செதுக்கிய தலை!

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இவரைக் கூத்தாண்டவர் என்று கும்பிடுகிறார்கள். பாரதக் கதையில் வரும் அரவான்தான் இவர்.

யார் இந்த அரவான்?

அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த பிள்ளை. பாண்டவர் வெற்றி பெற வேண்டுமானால், போருக்கு முன் காளிக்குக் களப்பலி கொடுக்க வேண்டும். பலியாகிறவனுக்கு 32 லட்சணங்களும் பொருந்தியிருக்க வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் கண்ணன், அர்ச்சுனன், அரவான் ஆகிய மூவரே. முதல் இருவரும் போய்விட்டால் போரை யார் நடத்துவது? பிள்ளை முன்வந்தான்.

வடமொழிப் பாரதத்தில் இந்தக் களப்பலி கிடையாது. அங்கே அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். களப்பலி நம் தமிழ்நாட்டுக் கதை. 9-ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே அது வந்துவிட்டது.

வெட்டுண்ட பிறகும் போரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அரவான் வரம் கேட்டான். கிடைத்தது. தலையை மட்டும் வைத்துக் கும்பிடுவதன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

இன்னொரு வரமும் கேட்டதாக ஊர்க் கதை சொல்கிறது. கலியாணம் ஆகாமல் சாக அவனுக்கு மனம் இல்லை. விடிந்தால் சாகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டினான். மறுநாள் மோகினி விதவை ஆனாள்.

ஒரு இரவுத் தாலி

கடலூரில் தேவனாம்பட்டினம், சிதம்பரத்தில் திருவேட்களம், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் கொத்தட்டை ஆகிய ஊர்களில் இவருக்குத் திருவிழா உண்டு. எல்லாவற்றிலும் பெரியது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், சித்திரை மாதம் நடக்கும் விழா.

அங்கே தேரில் வைக்கோலால் ஆளுயரத்துக்கும் மேலாக உடல் கட்டுவார்கள். அதன்மேல் மரத்தலையை ஏற்றுவார்கள். விழா முடிந்தால் வைக்கோல் போய்விடும். தலை மறு வருடத்துக்கும் இருக்கும்.

நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கைகள் வந்து, மோகினியைப் போலவே அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் ஆட்டம், பாட்டம், கும்மி. காலையில் தேர் ஓடுகிறது. அரவான் பலியாகிறான். தாலியை அறுத்து, வளையலை உடைத்து, ஒப்பாரி வைத்து அழுது, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள்.

அந்த அழுகை வெறும் சடங்கு அல்ல. வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் அவர்களில் பலர். தமிழ்நாட்டில் அவர்களுக்கு நல வாரியம் வந்தது 2008-ல்தான். மூன்றாம் பாலினம் என்று சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது 2014-ல். அதற்கெல்லாம் முன்பே அவர்களுக்குக் கணவனாக நின்றது இந்த மரத்தலை!

பிள்ளை இல்லாத பெண்களும் வருகிறார்கள். பலிச்சோறு வாங்கிச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை.

ஆப்பிரிக்காவிலும் உண்டு

செத்தவர்களை மரத்தில் நிறுத்துவது நமக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு. அங்கே பாண்டியாகரா என்ற செங்குத்தான மலைச்சரிவில் டோகோன் என்ற மக்கள் வாழ்கிறார்கள். முன்னோர்களை நினைத்து மர உருவங்கள் செய்து, கம்பங்கூழ் போன்ற கூழை ஊற்றிப் படைப்பது அவர்கள் மரபு. சில உருவங்கள் இரு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கி நிற்கும். மழை கேட்கின்றன என்று சொல்கிறார்கள்.

அந்த உருவங்களில் ஏராளமானவை இன்று பாரிஸ், நியூயார்க் காட்சிச்சாலைகளில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. அங்கே கூழ் ஊற்ற யாரும் இல்லை.

அரவானும் கடல் கடந்தவர்தான். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து போனவர்கள் கும்பிட்ட சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827-ல் ஏற்பட்டது. அங்கே திரௌபதி அம்மன் இருக்கிறாள், தீமிதி நடக்கிறது, நாகப் படமும் கோரைப் பல்லுமாக அரவானும் இருக்கிறார். அவருக்கு இன்றும் மாலை விழுகிறது.