‘டாக்டர்’ என்று அழைத்தால்?

வார்டில் உங்களிடம் நோய் விவரங்களைக் கேட்டுக் குறிப்பெடுப்பவர் சில வேளைகளில் மருத்துவர் அல்லர். மருத்துவரின் மேற்பார்வையில் பணிபுரியும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவப் பணியாற்றிய நால்வருடன் தொடங்கிய இப்பயிற்சி, 1992இல் மருத்துவர் கே.எம். செரியனின் முயற்சியால் சென்னைக்கு வந்தது.

“எங்கள் பிள்ளை இதில் சேரலாமா?” என்று நோயாளிகளின் குடும்பத்தினர் பலர் வினவுகின்றனர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் விண்ணப்பிக்கலாம். நேர்காணலில், “எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதனால் வந்தேன்” என்று உண்மை சொல்பவரை நாங்கள் ஒதுக்குவதில்லை. ஆனால் படித்து முடித்தாலும் தாம் மருத்துவர் ஆகப்போவதில்லை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். ஆகவே, “நோயாளி உங்களை டாக்டர் என்று அழைத்தால்?” என்று தவறாமல் கேட்கிறோம்.

பலரும் “உடனே திருத்துவேன்” என்பர். ஒரு மாணவி மட்டும் சற்று யோசித்து, “வலியில் துடிப்பவரானால் முதலில் மருத்துவரை அழைத்து வருவேன், நான் டாக்டர் இல்லை என்பதைப் பிறகு சொல்வேன்” என்றார். எங்களுள் ஒருவர் அதற்கு மதிப்பெண் குறைத்தார். நெடுநேரம் விவாதித்தோம், இடம் தந்தோம். இப்போது இரண்டாம் ஆண்டு பயிலும் அவர், கட்டிலருகே வந்ததும் தம் பெயரையும் பணியையும் சொல்லிய பின்னரே பேசத் தொடங்குகிறார். யாரேனும் அவ்வாறு சொல்லாவிடில், “நீங்கள் மருத்துவரா?” என்று நீங்களே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.