ஓடுகிற கடைக்கு என்ன விலை?

மும்பையில் வசிக்கும் நம்மவர்களுக்குக் கடை கைமாறுவது புதிதல்ல. இட்லி மாவுக் கடையோ பூக்கடையோ, மாதம் இவ்வளவு ஓடுகிறது, இத்தனை மாத வரும்படியைக் கொடு, சாவியை வாங்கிக்கொள் என்று பேசி முடித்துவிடுவார்கள். பகடித் தொகையைக்கூட டீக்கடை வாசலில் நின்று தீர்மானிக்கும் ஊர் இது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கடையை எப்படி விற்பது? கதவு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, சரக்கும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு கடையை 2025-இல் நாங்கள் விற்றோம். அதன் பிறகு சங்கக் கூட்டங்களில் இரண்டு மூன்று அன்பர்கள், தங்கள் பிள்ளைகளும் இப்படி ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி விவரம் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று பட்டது.

கடை என் மனைவியுடையது. செம்பூருக்கு வந்த புதிதில் எந்த கிரைண்டர் வாங்கலாம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைத்தான் கேட்பார்கள். எல்லோருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய், 2017-இல் ஆங்கிலத்தில் ஓர் இணையதளம் தொடங்கினாள். கிரைண்டர், காபி பில்டர், இட்லிக் கொப்பரை, இரும்பு தோசைக்கல் இவைதான் விஷயம். ஒரு ஆழாக்கு உளுந்து அரைய எத்தனை நிமிடம், மாவு எவ்வளவு காண்கிறது, கல்லைக் கழற்றிக் கழுவுவது எளிதா என்று தானே அரைத்துப் பார்த்து எழுதுவாள். சென்னையில் இருப்பவருக்கு இது தேவைப்படாது. கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கிவிடுவார். குர்கானிலும் இந்தூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குத்தான் தேவை.

வருமானம் வருவது சிபாரிசுக் கமிஷனில். அஃபிலியேட் என்கிறார்கள். கட்டுரையில் உள்ள இணைப்பை அழுத்திப் பெரிய இணைய அங்காடிக்குப் போகிறவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் பொருளை வாங்கினால், விலையில் நூற்றுக்கு மூன்றோ நாலோ ரூபாய் எழுதியவருக்கு. வாங்குபவருக்குக் கூடுதல் செலவு இல்லை. அமெரிக்காவில் அமேசான் 1996-லேயே தொடங்கிவிட்ட பழைய முறைதான் இது. ஒரு விதத்தில் நம்மூர்த் தரகுதான். ஆனால் தரகருக்கு வாங்குபவரின் முகம் தெரியாது.

2025 தொடக்கத்தில் கும்பகோணத்தில் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 2 லட்சம் வாங்கினேன். மனைவி மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. புதிதாக எழுத ஆளில்லை. கவனிக்காமல் விட்டால் இந்தத் தளங்கள் கோடைக்காலக் கிணறு மாதிரி மெல்ல வற்றிவிடும். வற்றுவதற்குள் விற்றுவிடலாம் என்ற யோசனை என்னுடையது.

இனி விலைக்கு வருவோம். இவ்வகைத் தளங்களுக்கு மாத நிகர லாபத்தைப் போல் ஏறக்குறைய 20 முதல் 40 மடங்கு என்று பேசுவது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். பிளிப்பா போன்ற வெளிநாட்டுச் சந்தைகளிலும் பேச்சு இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. நான் கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். முந்தைய அக்டோபரில் 23,400, நவம்பரில் 19,800. சராசரியாக 22,000 என்று வைத்து 30-ஆல் பெருக்கினேன். 6 லட்சத்து 60 ஆயிரம்! கடனைத் தீர்த்து, மீதியை மாமியார் பெயரில் வங்கியில் போட்டும் விட்டேன், மனத்துக்குள்.

இந்தூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் என் தங்கை மகன் மூலம் வந்தார். வயது முப்பது இருக்கலாம். இதுபோல நாலைந்து தளங்களை வாங்கி நடத்துபவர். "அங்கிள், அக்டோபர் தீபாவளி மாதம் அல்லவா? பன்னிரண்டு மாதத்தையும் காட்டுங்கள்" என்றார். ஜூனில் வந்தது 8,100 தான். ஆண்டு முழுவதையும் கூட்டினால் 1,56,000, மாதம் 13,000. சர்வர் வாடகை, பெயர்ப் பதிவு, பிழை திருத்துபவருக்குக் கொடுப்பது எல்லாம் மாதம் 2,000. மிச்சம் 11,000.

அடுத்த கேள்வி என்னை உறுத்தியது. "ஆண்ட்டி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்?" வாரம் ஏழெட்டு மணி நேரம். அதற்கு நாங்கள் கூலி போட்டதே கிடையாது. வாங்குபவர் வேறு ஒருவரை வைத்து எழுதினால் குறைந்தது 3,000 ஆகும் என்றார். ஆக லாபம் 8,000. எட்டு வருஷமாக அந்த 3,000 ரூபாயை நான் லாபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் விடுவது நமக்குப் பழக்கமாயிற்றே.

பெருக்கும் எண் மிச்சம் இருந்தது. 24-க்கு மேல் அவர் போகவில்லை. காரணங்களும் சொன்னார். 62 கட்டுரைகளில் ஒன்றே ஒன்று வருமானத்தில் பாதியைக் கொண்டுவருகிறது; இரண்டு லிட்டர் கிரைண்டர்களை ஒப்பிட்டு எழுதியது அது. ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபத்துக்கு யார் அதிகம் கொடுப்பார்கள்? வருமானம் முழுவதும் ஒரே அங்காடியிலிருந்து. அந்த அங்காடி நினைத்தால் கமிஷன் விகிதம் மாறும். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் மேஜை நாற்காலி வகைக்கு 8 சதவீதமாக இருந்ததை ஒரே அறிவிப்பில் 3 ஆக்கியது; நம்பியிருந்தவர்களுக்குப் பேச வழியில்லை. போதாதற்கு, 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் தேடலின் உச்சியில் இயந்திரம் எழுதிய சுருக்கம் வருகிறது. விடை அங்கேயே கிடைத்தால் உள்ளே வந்து படிப்பவர் எத்தனை பேர்? 8,000-த்தை 24-ஆல் பெருக்கினால் 1,92,000. என் கோட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு நடுவில் இன்னொருவர் மின்னஞ்சலில் 5 லட்சம் தருவதாக வந்தார். பேரமே பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட ஓரிடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும், அதற்குச் சில ஆயிரம் கட்டணம். கட்டவும் துணிந்துவிட்டேன். சான்றிதழ் கொடுப்பவரும் வாங்க வந்தவரும் ஒரே ஆசாமி, இது பழைய வித்தை என்று தங்கை மகன் தடுத்தான். கேள்வியே கேட்காமல் விலை சொல்பவரைக் கண்டால் வாசலிலேயே விடைகொடுத்துவிடுங்கள்.

இந்தூர்க்காரர் கேட்டதை எல்லாம் காட்டினோம். அங்காடியின் கணக்குப் பக்கத்தைப் படமாக அனுப்பினால் ஏற்கவில்லை. படத்தை யாரும் திருத்தலாமே. வீடியோ அழைப்பில், அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டார். இங்கே ஒரு நுணுக்கம்: அக்டோபர் கமிஷன் இரண்டு மாதம் கழித்துத்தான் வங்கிக்கு வருகிறது. பொருளைத் திருப்பிவிட்டால் கமிஷனும் பிடிக்கப்படும். இதைத் தெரியாமல் மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். வருகையாளர் எண்ணிக்கையைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தோம், மாற்ற அல்ல. 2023-க்கு முந்தைய எண்ணிக்கை எங்களிடம் இல்லை. அனலிட்டிக்ஸின் பழைய முறை 2023 ஜூலையில் எண்ணுவதை நிறுத்தி, 2024 ஜூலையில் பழைய விவரங்களும் போய்விட்டன. சேமித்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. ஆறு வருட நற்பெயருக்குச் சாட்சி இல்லாமல் போயிற்று.

ஒப்பந்தம் எழுதும்போதுதான் வக்கீல் நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: "கட்டுரைகளும் படங்களும் யார் எடுத்தது?" மனைவி. "அப்படியானால் நீங்கள் கையெழுத்துப் போட்டுப் பயனில்லை." 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர்தான் உரிமையைக் கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றித் தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். எந்த எல்லைக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதுவரை பேரம் முழுவதையும் நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பத்திரத்தைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன்.

அன்றிரவே தொலைபேசி வந்தது. "என்னங்க, அந்த ரெண்டு லிட்டர் மாடலை நிறுத்தப் போறாங்கன்னு நம்ம மாதுங்கா கடைக்காரர் சொன்னாரே, அதை அந்தப் பையன்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. உண்மையில், சொல்லாமல் விட்டுவிடலாம் என்றே இருந்தேன். கடைக்காரர் சொன்னது வதந்தியாக இருக்கலாம், கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும், இதெல்லாம் வியாபாரம் என்று சமாதானம் சொன்னேன். "அப்படின்னா நான் கையெழுத்துப் போடல. எட்டு வருஷமா ஜனங்க என் பேச்சை நம்பி வாங்கியிருக்காங்க. விக்கறப்போ மட்டும் மறைச்சு விக்கணுமா?" மறுமுனையில் மாமியார் எதற்கோ கூப்பிடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் இளைஞரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு 1,60,000 என்றார், அதாவது 20 மாதம். அதிலும் 20,000 ஒப்பந்தத்தன்று, ஒரு லட்சம் தளம் கைமாறும்போது, மீதி 40,000 மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதத்தில் சராசரி வருமானம் 6,000-த்துக்குக் கீழே போனால் 40-இல் பாதி மட்டும். ஒத்துக்கொண்டோம்.

வேறு இரண்டு ஷரத்துகள். மனைவியின் பெயரும் புகைப்படமும் நீக்கப்பட வேண்டும். இனி வேறு யாரோ எழுதுவது அவள் பெயரில் வரக்கூடாது என்பது அவள் கேட்டது. இரண்டு ஆண்டுக்கு இதே விஷயத்தில் வேறு தளம் தொடங்கக்கூடாது என்பது அவர் கேட்டது. தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் நம் நாட்டில் பொதுவாகச் செல்லாது. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவே, தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு நியாயமான எல்லைக்குள் இப்படித் தடை போடலாம் என்று விலக்குத் தருகிறது.

கைமாற்றம் ஒரு ஞாயிறு மாலையில் நடந்தது. நாங்கள் பெயர் பதிந்த நிறுவனத்திலேயே அவரும் கணக்குத் திறந்ததால் தளப்பெயர் சில நிமிடங்களில் மாறிவிட்டது. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் ரகசியக் குறியீடு வாங்கி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டுரைகளின் முழுப் பிரதியையும் கொடுத்தோம். கமிஷன் கணக்கு மட்டும் கைமாறாது. அது ஆளுக்கு உரியது. எல்லா இணைப்புகளிலும் எங்கள் அடையாளத்தை எடுத்துவிட்டு அவருடையதைப் போட வேண்டும். வீடியோ அழைப்பிலேயே பணம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கடைசிப் பொத்தானை அழுத்தினேன். பெரிய தொகையானால் பணத்தை நடுவில் ஒரு மூன்றாம் நிறுவனம் வைத்திருந்து இரு பக்கமும் சரியென்றதும் விடுவிக்கும் எஸ்குரோ முறையே நல்லது.

அந்த மாடல் நின்றேவிட்டது. மூன்று மாதச் சராசரி 5,400. இளைஞர் 20,000 அனுப்பினார். ஆக மொத்தம் 1,40,000 கைக்கு வந்தது. கடன் சங்கத்துக்கு இன்னும் 60,000 மாதத் தவணையில் போகிறது. வருமான வரிக்கு இந்தத் தொகையை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் விற்ற பிறகு கேட்டு அவரிடம் பேச்சு வாங்கினேன்.

மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். சென்ற வாரம் மனைவி தன் பழைய தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். தோசைக்கல் பழக்குவதைப் பற்றி யாரோ புதிதாக எழுதியதில், முதல் நாளே சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லி இருந்ததாம். இந்தூருக்கு நேராகவே போன் போட்டுவிட்டாள். அன்றிரவே திருத்திவிட்டதாக அவரிடமிருந்து செய்தி வந்தது.