அம்பாசிடருக்குப் புது அடுப்பு

ஆம்பூரில் ஒரு பழைய டேனரிக்காரர் வீட்டுக் கொட்டகையில், 1970களில் வாங்கிய அம்பாசிடர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகரம் கெட்டி. சீட்டுக்குப் புதுத் தோல் தைத்துப் போட இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எஞ்சின்தான் போய்விட்டது. ஆயில் குடிக்கிறது, புகை கக்குகிறது, மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது. “புது எஞ்சின் ஒண்ணத் தூக்கி உள்ள வச்சிட்டா போச்சு” என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

பாட்டி காலத்து விறகடுப்பை இடித்துவிட்டு, அதே இடத்தில் கேஸ் அடுப்பு வைக்கிற வேலை இது. அடுப்பு வாங்க அரை நாள் போதும். அதற்கு மேடை கட்டுவது, குழாய் இழுப்பது, புகைபோக்கியை மாற்றுவது என்று மற்றதெல்லாம்தான் நாளைத் தின்னும். காரிலும் அதே கதை. பணத்தில் பாதியும் நேரத்தில் முக்கால்வாசியும் எஞ்சினுக்குப் போகாது, எஞ்சினைச் சுற்றியுள்ள சாமான்களுக்குத்தான் போகும். அந்த ஒரு சமையலறையை மனதில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறப்போம்.

முதலில், உள்ளே இருக்கும் பழைய அடுப்பு. அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 காரின் இந்திய வடிவம். 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கி, 2014 மே மாதம் நிறுத்தியது. நெடுங்காலம் அதில் இருந்தது 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். கார்புரேட்டர்தான் அதற்கு ஊட்டிவிடும். காற்று வேகமாக உள்ளே போகும்போது பெட்ரோலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். விறகை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, ஊதுகுழலால் ஊதித் தீயைப் பழக்குகிற மாதிரி. கணக்கு கிடையாது, கைப்பழக்கம்தான். அதனால்தான் அந்த எஞ்சினை எந்த மரத்தடி மெக்கானிக்கும் ஸ்க்ரூடிரைவரும் காதும் கொண்டே சரிசெய்ய முடிந்தது.

பலர் கவனிக்காத ஒன்று: இந்த எஞ்சின் மாற்றத்தைக் கம்பெனியே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அதே அம்பாசிடர் உடம்புக்குள் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1817 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்தார்கள். பழையது 50 குதிரைத் திறனைச் சுற்றி இருந்தது. புதியது சுமார் 75. அதோடு நிற்கவில்லை. ஐந்து கியர் கொண்ட புது கியர்பாக்ஸையும் கூடவே கொண்டுவந்தார்கள், ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்த கியர் தண்டு தரைக்கு இறங்கியது. அடுப்போடு அதற்குரிய ரெகுலேட்டரையும் குழாயையும் சேர்த்தே வாங்கியதற்குச் சமம் இது. எஞ்சின் மாற்ற நினைப்பவர் பார்த்துச் செய்ய இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது என்பது என் கருத்து. அதே கம்பெனியின் கான்டெஸாவும் 1984ல் அந்த 1489 சிசி எஞ்சினோடு வந்து, பெரிய உடம்பை இழுக்க முடியாமல் திணறி, பிறகு இசுசுவுக்கு மாறியதுதான்.

தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985ல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ விட்டது. உடம்பு, பிரிட்டனில் 3500 சிசி வி8 எஞ்சினோடு ஓடிய ரோவர் எஸ்.டி.1. உள்ளே வைத்ததோ, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு உருவான வான்கார்ட் காரின் எஞ்சின் வழிவந்த 1991 சிசி. மாடுலர் கிச்சன் கட்டி நடுவில் விறகடுப்பு வைத்த கதை. சில ஆண்டுகளிலேயே கடை கட்டியது.

அடுத்து, எந்த எஞ்சின்? இன்றைய சின்னக் கார்களின் எஞ்சின் சென்னை புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசை வரும். பொறுங்கள். அவற்றில் பெரும்பாலானவை பானெட்டுக்குள் குறுக்காகப் படுத்து முன் சக்கரங்களைச் சுழற்றுபவை. அம்பாசிடரில் எஞ்சின் நெடுக்காக நிற்கும், பின் சக்கரம்தான் சுற்றும். குழாய் வரும் பக்கம் ஒன்று, அடுப்பின் வாய் இருக்கும் பக்கம் வேறொன்று. ஆக, நெடுக்காக நிற்கும் எஞ்சின்தான் வேண்டும். பிற்கால அம்பாசிடரிலேயே வந்த 1.8 இசுசு, அதிலும் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்செக்ஷன் வைத்த எம்.பி.எஃப்.ஐ. வகை, கியர்பாக்ஸோடும் ஒயரிங்கோடும் முழுசாகக் கிடைத்தால் விடாதீர்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான பில்லும், எஞ்சின் நம்பரும் கையில் இருக்கட்டும். அது பின்னால் தேவைப்படும்.

இப்போது மேடை. செயின் பிளாக் போட்டுப் பழையதைத் தூக்கி வெளியே வைத்தாயிற்று. அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்புக்கூடும். அதனால் புது மவுண்டிங்கை கண்ட தகரத்தில் வெல்டு அடிக்கக் கூடாது. முன்பக்கம் ஓடும் இரண்டு கெட்டியான பெட்டிச் சட்டங்களில்தான் அது உட்கார வேண்டும். நேரடியாக இரும்பின் மேல் இரும்பும் கூடாது, நடுவில் ரப்பர் வேண்டும். பானை ஆடாமல், தரையும் அதிராமல் அடியில் பிரிமணை வைப்போமே, அதுதான். வெல்டு அடிக்கும் முன் உள்ளீடு இல்லாத வெறும் எஞ்சின் பிளாக்கை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. அடியில் ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, மேலே பானெட் மூடுகிறதா, முன்னே ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் கை போகிறதா, ஸ்டீயரிங் ராடு முழுசாகத் திரும்புகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து வந்திருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இல்லையென்றால் நிதானமாகப் படியுங்கள். மிக்சி ஜாரின் அடியில் ஒரு கப்ளர் இருக்கிறது, மோட்டாரின் தலையில் இன்னொன்று. இரண்டும் பல்லோடு பல் பொருந்தினால்தான் சட்னி. வேறு கம்பெனி ஜாரை அழுத்தி வைத்தால் உட்காரும், கொஞ்ச நேரம் சுற்றவும் சுற்றும், அப்புறம் ரப்பர் கருகும். எஞ்சினின் பின்னால் ஃப்ளைவீல், அதன் மேல் கிளட்ச், அதன் நடுவில் கியர்பாக்ஸின் தண்டு நுழைகிறது. தண்டின் நுனி, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் உள்ள ஒரு சின்ன பேரிங்கில் போய் உட்காரும். எஞ்சின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறொரு கம்பெனி என்றால் போல்ட் ஓட்டைகள் சேராது. எனவே நடுவே ஒரு தட்டு, ‘அடாப்டர் பிளேட்’, லேத்தில் கடைந்து போடுவார்கள். ஓட்டைகளைச் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அதுதான் வித்தை. கால் மில்லிமீட்டர் விலகல்கூட அதிகம்.

அதை அளக்க டயல் கேஜ் என்ற கருவியை கிராங்கில் பொருத்தி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். வேறு ஊரில் இதை விளக்க நேரம் பிடிக்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அந்த முள்ளைத் தெரியாதவர்கள் குறைவு. ஷூவின் மேல்தோல் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்டர் வந்தால், ஷேவிங் மெஷினிலிருந்து வரும் தோலை கேஜின் வாயில் கொடுத்து, முள்ளைப் பார்த்துத்தானே தள்ளுவார்கள். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காக ஒரு லாட்டே திரும்பி வரும் தொழிலில் இருப்பவரிடம் “பரவால்ல சார், ஓட ஓட செட் ஆயிடும்” என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். ஓட ஓட கிளட்ச் பிளேட்டின் நடு வெடிக்கும், தண்டின் சீல் கிழிந்து ஆயில் ஒழுகும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை, புது நீளத்துக்கு வெட்டி ஒட்டி, பேலன்ஸ் பார்த்துப் போட்டால் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது.

இனி கேஸ் லைன். கார்புரேட்டருக்குப் பெட்ரோலை மெல்லத் தள்ளிக் கொடுத்தால் போதும், பழைய பம்பின் அழுத்தம் ஐந்து பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. இஞ்செக்ஷன் எஞ்சினுக்கோ 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டும். வீட்டு சிலிண்டரின் ரப்பர் குழாயைக் கல்யாண மண்டபத்து அடுப்புக்கு மாட்டினால் என்ன ஆகும்? அதேதான். பழைய ஹோஸ், பழைய கிளிப், துருவேறிய டேங்க், மூன்றையும் விட்டுவைக்கக் கூடாது. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவர இன்னொரு குழாயும் இழுக்க வேண்டும். இந்த இடத்தில் காசுக்குக் கணக்குப் பார்ப்பவர் தீயணைப்பு நிலைய நம்பரையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

குழாய் முடிந்ததும் மாஸ்டர் வருகிறார். பிரியாணி போடும் இடத்தில் மாஸ்டர் எதையும் தானே தொடுவதில்லை. உலை கொதிச்சிடுச்சா, அரிசி எந்தப் பதம், அடியில் தணல் எவ்வளவு என்று ஆட்கள் வந்து சொல்வார்கள், இவர் தம் போடச் சொல்வார். புது எஞ்சினில் அந்த மாஸ்டர் இ.சி.யு. என்ற சின்ன அலுமினியப் பெட்டி. கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது, தண்ணீரின் சூடு என்ன, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். சைலன்சர் குழாயில் ஒரு சென்சார் புகையை முகர்ந்து மிச்சமுள்ள ஆக்ஸிஜனைச் சொல்லும். அதைக் கேட்டு, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற பதத்தை ஒட்டியே பெட்டி பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லும். மாஸ்டரை மட்டும் கூட்டிவந்து ஆட்களை விட்டுவிட்டு வந்தால் சாப்பாடு நடக்காது. எனவே ஒயரிங்கை வெட்டாமல், அந்த வண்டியிலிருந்து கொத்தாகவே கழற்றி எடுங்கள். பழைய காரில் டைனமோ இருந்தால் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடுங்கள். வண்டி சும்மா நின்று ஓடும்போது டைனமோவுக்குச் சார்ஜ் ஏற்றத் தெம்பு இருக்காது. கரண்ட் தளர்ந்தால் பெட்டி குழம்பும்.

அடுத்து, சூட்டைத் தணிப்பது. சூடான காபியை டபராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றுகிறோம், காற்றில் விரிந்து விழும்போது சூடு போகிறது. ரேடியேட்டர் செய்வதும் அதுவே. வேலூர் வெயில் தெரிந்ததுதானே, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பழைய ரேடியேட்டரைக் கழுவிப் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். பெரிய கோர், எலக்ட்ரிக் ஃபேன் இரண்டும் வேண்டும். வேகம் கூடுவதால் பிரேக்கும் கூட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போட்ட பிறகே ரோட்டுக்கு வாருங்கள்.

காகித வேலையைக் கடைசிக்கு வைத்தேனே தவிர, நீங்கள் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் சிசியும் எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அந்த விவரங்களை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. கம்பெனியே அம்பாசிடரில் வைத்து விற்ற எஞ்சின் என்றால் ஆர்.டி.ஓ.விடம் வாதாட ஒரு நியாயமாவது இருக்கும். வேறு கம்பெனி எஞ்சினுக்கு அதுவும் இல்லை. அனுமதி கிடைத்த பிறகு இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் உடனே ஹைவேயில் ஏறக் கூடாது. முதலில் கொட்டகையிலேயே ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு ஆம்பூர் கடைத்தெருவில், சாயங்கால நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், சூடு ஏறுவது அங்கேதான். அது தாங்கினால் பள்ளிகொண்டா டோல்கேட் வரை போய்த் திரும்பி, அடியில் அட்டை விரித்துச் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மவுண்டிங் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கி, கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்க்க வேண்டும். மாவு மாதிரி இருந்தால் பல்லும் பல்லும் பழகிய தூள், கவலையில்லை. ரவை மாதிரி நெருடினால் மையம் தப்பியிருக்கக்கூடும், கியர்பாக்ஸை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும்.